செல்லின் மேல் ஒரு சர்க்கரைப் போர்வை

(கோரமண்டலில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத வெளியூர் உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயிலில் வந்து கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியதும் கால் தானாகவே பழைய வீட்டுப் பக்கம் திரும்பிற்று. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. அப்பா சுரங்கத்தின் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்தார். ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் டிகாக்ஷன் இறங்கும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடியாயிற்று. சங்கும் ஓய்ந்துவிட்டது. இன்று இங்கே வந்திருப்பவர்களில் பலர் சென்னை, மும்பை, ஹைதராபாத் என்று சிதறிப் போனவர்கள்தான். இருந்தாலும் 'நீங்க கே.ஜி.எஃப்.பா?' என்று எங்காவது ஒருவர் கேட்டுவிட்டால், சூடாக ஒரு டம்ளர் காபி சாப்பிட்ட தெம்பு நமக்கு வந்துவிடுகிறது.

கான்சரைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் யாரையும் பயமுறுத்தக் கூடாது என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை. கல்லூரியில் முப்பது வருஷம் பயோகெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். ஆகவே வைத்தியம் எதுவும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரட்டுப்பால்

என் அக்காவுக்குக் கணையத்தில் கான்சர். கண்டுபிடித்தபோதே முற்றிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்லும் பெண்மணி, "எது தொண்டையில் இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், எடை குறையக் கூடாது" என்றுதான் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் உறவினர் ஒருவர் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொண்டு வந்தார். 'சர்க்கரைதான் கான்சருக்குத் தீனி. அதை நிறுத்துங்கள், கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும்' என்று அதில் போட்டிருந்தது. கொண்டு வந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பிரியத்தில்தான் செய்தார்.

அன்றிலிருந்து அக்காவின் காபியில் சர்க்கரை இல்லை. பழம் இல்லை. சாதமும் அளந்துதான். ஏற்கனவே மெலிந்திருந்தவள் துரும்பாகிப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "ஏண்டா, எனக்கு ஒரு ஸ்பூன் திரட்டுப்பால் கிளறித் தரச் சொல்லேன்" என்றாள். நான் அத்திம்பேர் முகத்தைப் பார்த்தேன். "வேண்டாம்ப்பா, அவளுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் குளுக்கோஸ் பாடம் நடத்தியவன், அந்த வீட்டில் அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள், சும்மா இருந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டு விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்ற சங்கோஜம். இரண்டு மாதத்தில் அக்கா போய்விட்டாள். திரட்டுப்பால் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பாள்.

சர்க்கரைக்கும் கான்சருக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அந்தக் காகிதம் சொன்ன சம்பந்தம் வேறு, விஞ்ஞானம் கண்டிருக்கும் சம்பந்தம் வேறு. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

எந்தச் சர்க்கரை?

காகிதத்தில் பாதி உண்மை இருந்தது. கான்சர் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். இன்று பெட் ஸ்கேன் எடுக்கிறார்களே, அதுவும் இந்தக் குணத்தை வைத்துத்தான். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் செலுத்தினால், கட்டி அதைச் சேர்த்துக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியும்.

ஆனால் நாம் வாயால் சர்க்கரையை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுவிடாது. மூளைக்கும் சிவப்பணுவுக்கும் அது வேண்டும் என்பதால், கல்லீரல் தானே தயாரித்துக் கொடுக்கும். தசையைக் கரைத்தாவது கொடுக்கும். ஆகவே பட்டினி கிடப்பது கட்டி இல்லை, நோயாளிதான். நீரிழிவு இருப்பவர்கள் டாக்டர் சொன்ன கட்டுப்பாட்டை விடக் கூடாது. அது தனி விஷயம்.

இப்போது இன்னொரு சர்க்கரைக்கு வருவோம். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் வெளிப்புறத்திலும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, புல் முளைத்த மாதிரி நிற்கின்றன. இவை தின்கிற சர்க்கரை இல்லை, ருசி பார்க்கிற சர்க்கரையும் இல்லை. செல் தனக்குள்ளேயே தயாரித்து, புரதத்தின் மேலும் கொழுப்பின் மேலும் ஒட்டவைத்து, வெளியே அனுப்பும் அடையாளங்கள். ஒரு செல் இன்னொரு செல்லைத் தொடுவதற்கு முன்னால் தொடுவது இந்தப் போர்வையைத்தான்.

இதை விஞ்ஞானிகள் வெகு காலம் கண்டுகொள்ளவில்லை. டி.என்.ஏ.வைப் படிக்கலாம், புரதத்தை அதிலிருந்து கணக்குப் போடலாம். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி நேரான அச்சு கிடையாது. கிளை விட்டு, இடத்துக்கு இடம் மாறி இருக்கும். அதனால் ஒதுக்கி வைத்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். தங்கம் எடுத்த பிறகு கழிவு என்று கொட்டிய மணல் மேடுகளைப் பாருங்கள். சின்ன வயதில் அதன் மேல் ஏறிச் சறுக்கி விளையாடினோம், காற்றடித்தால் கண்ணில் விழுகிறதே என்று திட்டினோம். அந்த மேட்டிலும் தங்கம் மிச்சம் இருக்கிறது, எடுக்கலாம் என்கிறார்கள் இப்போது. சர்க்கரை ஆராய்ச்சியும் அப்படித்தான் ஆயிற்று.

உங்கள் ரத்த குரூப் ஒரு சர்க்கரை

இந்த அடையாளம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏ, பி, ஓ என்று ரத்த குரூப் சொல்கிறோமே, அது என்ன? கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் வகைப்படுத்தினார். பின்னால் அதன் ரசாயனத்தை ஆராய்ந்தபோது, சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான் வித்தியாசம் என்று தெரிந்தது. பி குரூப்காரருக்கு அந்த இடத்தில் காலக்டோஸ். ஏ குரூப்காரருக்கு அதே காலக்டோஸில் சின்ன மாறுதல் செய்த ஒன்று. ஓ குரூப்காரருக்கு அந்த இடம் காலி. இந்த இம்மி வித்தியாசத்துக்காக, குரூப் மாற்றி ரத்தம் ஏற்றினால் உயிரே போகும். நம் எதிர்ப்பு சக்தி சர்க்கரையை எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1952இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பேண்டேயும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சிலருக்கு ஓ குரூப் ரத்தம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையே அவர்கள் சிவப்பணுவில் இல்லை. 'பம்பாய் ரத்த குரூப்' என்று உலகம் முழுவதும் இன்றும் அதே பெயர்தான். நம் நாட்டில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். அவர்களுக்கு அதே குரூப்காரர் ஒருவர்தான் ரத்தம் கொடுக்க முடியும்.

கொள்ளும் கடலையும் பலாக்கொட்டையும்

சர்க்கரை அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தவை நம் ரத்த அணுக்கள் மட்டுமில்லை. விதைகளுக்கும் அந்த வித்தை தெரியும். 1888இல் ஸ்டில்மார்க் என்ற ஆராய்ச்சி மாணவர் ஆமணக்கு விதையின் சாறு சிவப்பணுக்களைக் கட்டி கட்டியாகத் திரளச் செய்வதைக் கண்டார். இப்படிச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர்.

கோலார் ஜில்லாவில் பிறந்தவர்களுக்குக் கொள்ளைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். அந்தக் கொள்ளின் சாறு ஏ குரூப் ரத்தத்தில் ஒரு பிரிவை மட்டும் பொறுக்கித் திரளவைக்கும் என்று ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் 1951இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். ஏ1, ஏ2 என்று பிரிக்க ரத்த வங்கிகளில் கொள்ளு லெக்டினை உபயோகிக்கிறார்கள். அதே பேர்ட் 1964இல் வேர்க்கடலையில் இன்னொரு லெக்டின் இருப்பதைச் சொன்னார். அது பிடித்துக்கொள்ளும் சர்க்கரைக்கு 'டி ஆன்டிஜன்' என்று பெயர்.

இங்கேதான் கான்சர் வருகிறது. நல்ல செல்களில் இந்த டி ஆன்டிஜன் மேலும் சில சர்க்கரைகளால் மூடியிருக்கும், வெளியே தெரியாது. பல வகைக் கான்சர் செல்களில் சங்கிலி கட்டும் வேலை அரைகுறையாக நின்றுபோவதால் அது வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. சுவர் பூசாமல் செங்கல் தெரிகிற மாதிரி. வேர்க்கடலை லெக்டின் அந்தச் செங்கல்லைக் கண்டுபிடித்துப் போய் ஒட்டிக்கொள்கிறது.

அது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அணு அணுவாகக் கண்டுபிடித்தது இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில். ஜி.என். ராமச்சந்திரன் அங்கே தொடங்கிய மாலிக்யூலர் பயோஃபிசிக்ஸ் துறையில் பேராசிரியர் எம். விஜயனும் அவதேஷ சுரோலியாவும் அவர்கள் மாணவர்களும் 1994இல் வேர்க்கடலை லெக்டினின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். 1996இல் பலாக்கொட்டையிலுள்ள ஜாக்கலின் என்ற லெக்டினின் அமைப்பையும் வெளியிட்டார்கள். அதுவும் டி ஆன்டிஜனைப் பிடிப்பதுதான். விஜயன் 2022இல் காலமானார். இளம் வயதில் ஆக்ஸ்போர்டில் டாரதி ஹாட்ஜ்கினிடம் இன்சுலின் அமைப்பைக் கண்ட குழுவில் இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கே யாராவது 'பலாக்கொட்டை சாப்பிட்டால் கான்சர் போகும் என்று கோரமண்டல் கூட்டத்தில் சொன்னார்கள்' என்று கிளப்பிவிடப் போகிறீர்கள். நான் சொல்லவே இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் அடையாளம் காட்டுகிற கருவி அது. சாப்பிட்டால் பலாக்கொட்டைக் கூட்டு, அவ்வளவுதான்.

எச்சிலில் பிறந்த பெயர்

சர்க்கரைச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில், தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பது ஸியாலிக் அமிலம் என்ற சர்க்கரை. 1936இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி குன்னார் பிளிக்ஸ் அதை உமிழ்நீரின் வழவழப்பிலிருந்து பிரித்தெடுத்தார். உமிழ்நீருக்கான கிரேக்கச் சொல்தான் அதன் பெயராயிற்று. எச்சில், பத்து என்று நம் பாட்டிமார்கள் ஒரு பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்தோடு சேர விட்டதில்லை. அந்த எச்சில் பெயரைத் தாங்கிய சர்க்கரைதான் நம் ஒவ்வொருவருடைய செல்லுக்கும் நுழைவுச் சீட்டு.

நுழைவுச் சீட்டு என்று ஏன் சொல்கிறேன்? சுரங்கத்து கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வருகிறவர்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். ஒரு குன்றிமணி தங்கம் போனாலும் தப்பு. ஆனால் கேட்டில் நிற்கிறவர் எல்லோரையும் அடித்துக்கொண்டே இருந்தால் சுரங்கம் நடக்குமா? உரிய டோக்கனைக் காட்டினால் 'நம்ம ஆள்' என்று கையை இறக்கிக்கொள்ள வேண்டும். நம் உடம்பிலும் அதே ஏற்பாடு. எதிர்ப்பு அணுக்களின் மேல் ஸிக்லெக் என்ற ஏற்பிகள் இருக்கின்றன. 1998இல் அந்தப் பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்கு ஒரு டஜனுக்கும் மேல் வகை உண்டு. எதிரே இருக்கும் செல்லில் ஸியாலிக் அமிலத்தைத் தொட்டதும், அவற்றில் பல 'இது நம்ம ஆள், அடிக்காதே' என்று உள்ளே தகவல் அனுப்பும். பிரேக் விழும்.

பல கான்சர் செல்கள் செய்கிற மோசடி இதுதான். ஒரு டோக்கன் இருக்க வேண்டிய இடத்தில் உடம்பு முழுக்க டோக்கனைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகின்றன. ஸியாலிக் அமிலத்தை அடர்த்தியாகப் போர்த்திக்கொள்கின்றன. இயற்கைக் கொல்லி செல்கள் என்று ஒரு வகை ரத்த அணுக்கள் உண்டு. கான்சரை முதலில் அடிக்கக்கூடியவை அவை. அவற்றின் மேலுள்ள ஸிக்லெக்-7 இந்தப் போர்வையைத் தொட்டதும் ஓங்கிய கை இறங்கிவிடுகிறது. நியூட்ரோஃபில், மோனோசைட் போன்றவற்றில் ஸிக்லெக்-9 அதே வேலையைச் செய்கிறது. 2014இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித்தனிக் குழுக்கள் இதை நிரூபித்தன. 2019இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார், மார்பகக் கான்சரும் சினைப்பைக் கான்சரும் ஸிக்லெக்-10 வழியாக மேக்ரோஃபேஜ்களை ஏமாற்றுவதைக் காட்டினார்கள். கான்சரை உடம்பு ஏன் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பதில். முழுப் பதில் இல்லை, ஆனால் முக்கியமான பதில்.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊரில் படித்தவர். டாக்டர் அஜித் வர்க்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் படித்தார். கே.ஜி.எஃப்.பிலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகாத குடும்பம் உண்டா? அவர் இப்போது கலிஃபோர்னியாவில் ஸான் டியேகோவில் இருக்கிறார். சர்க்கரை உயிரியலுக்கு அவரும் சகாக்களும் தொகுத்த பாடப் புத்தகம் 1999இல் முதல் பதிப்பு வந்தது. உலகம் பூராவும் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

போர்வையை விலக்க முடியுமா?

விலக்கினால் போயிற்று என்று தோன்றும். முயற்சி பழையதுதான். காலராக் கிருமி ஸியாலிக் அமிலத்தை வெட்டும் ஒரு என்ஸைம் தயாரிக்கிறது. 1960, 70களிலேயே கான்சர் செல்களை அதில் ஊறவைத்து மிருகங்களுக்கும் பிறகு மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மிருகங்களில் நம்பிக்கை தந்தது, மனிதர்களில் நிலையான பலன் கிடைக்கவில்லை. ஏன் வேலை செய்கிறது, ஏன் செய்யவில்லை என்று சொல்ல அன்று ஸிக்லெக் பற்றி யாருக்கும் தெரியாது.

உடம்பு முழுவதும் ஸியாலிக் அமிலம் இருப்பதால் கண்ட இடத்தில் வெட்ட முடியாது. கான்சர் செல்லின் மேல் மட்டும் வெட்ட வேண்டும். 2016இல் கரோலின் பெர்டோஸியின் குழு ஒரு யுக்தி செய்தது. மார்பகக் கான்சருக்கு ஏற்கனவே உபயோகத்தில் இருக்கும் ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி கட்டியைத் தேடிப் போய் ஒட்டும். அதன் முதுகில் இந்த என்ஸைமைக் கட்டி அனுப்பினார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில், போய் ஒட்டிய இடத்தில் போர்வை விலகிற்று, கொல்லி செல்கள் விழித்துக்கொண்டன. உயிருள்ள செல்லின் சர்க்கரையைச் சேதமில்லாமல் அடையாளம் காணும் ரசாயனத்துக்காக அந்த அம்மையார் 2022இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். இந்த வகை மருந்து மனிதர்களிடம் ஆரம்பக் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் மருந்து இல்லை. யாராவது 'எங்களிடம் இருக்கிறது' என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

தோல்வியையும் சொல்ல வேண்டும். கான்சர் செல்லின் சர்க்கரை ஒன்றை வைத்து மார்பகக் கான்சருக்குத் தடுப்பூசி போல ஒன்று செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2003இல் வந்த முடிவு, பலனில்லை. வெற்றியும் உண்டு. நியூரோபிளாஸ்டோமா என்று குழந்தைகளுக்கு வரும் கொடிய கான்சரில், ஜி.டி.2 என்ற சர்க்கரை கொண்ட கொழுப்பு செல்லின் மேல் நிறைய இருக்கிறது. அதன் சர்க்கரையைக் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்தை 2015இல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். நரம்புகளிலும் அதே சர்க்கரை இருப்பதால் வலி கடுமையாக இருக்கும். ஆனாலும் அந்தக் குழந்தைகளில் சிலர் பிழைத்து வளர்கிறார்கள்.

இன்று ஆஸ்பத்திரிகளில் 'இம்யூனோதெரபி' என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் வேறு ஒரு பிரேக்கை விடுவிப்பது. அதற்கு ஜேம்ஸ் அல்லிஸனும் தஸுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். சிலருக்கு அற்புதமாகக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை. கேட்காதவர்களுக்கு சர்க்கரைப் பிரேக்கும் ஒரு காரணமா என்பதைத்தான் இப்போது ஆராய்கிறார்கள். செலவு லட்சக்கணக்கில் ஆகும். எந்தக் கட்டிக்கு, எந்தச் சோதனை பார்த்து, எத்தனை பேருக்குப் பலன் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டை விற்பதா, நகையை வைப்பதா என்று யோசிக்க வேண்டும். கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு ரத்தப் பரிசோதனை

இந்தச் சர்க்கரை உங்கள் கைக்கே ஒரு காகிதமாக வரும். சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை அது. அது அளப்பது ஸியாலிக் அமிலம் சேர்ந்த ஒரு சர்க்கரை அடையாளத்தைத்தான். கணையக் கான்சரில் பெரும்பாலும் ஏறும். ஆனால் பித்தக் கல்லால் மஞ்சள் காமாலை வந்தாலும் ஏறும். கணைய வீக்கத்திலும் ஏறும். இன்னொரு பக்கம், 100 பேரில் 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே அந்தச் சர்க்கரையைக் கட்டும் என்ஸைம் கிடையாது. ரத்த குரூப் மாதிரி பரம்பரை விஷயம். அவர்களுக்குக் கான்சர் வந்தாலும் இந்த எண் ஏறாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்கு ஏதோ ஒரு பேக்கேஜ் செக்கப்பில் இந்த எண் அதிகம் என்று வந்தது. வீட்டில் பத்து நாள் அடுப்பே சரியாக மூட்டவில்லை. கடைசியில் பித்தக் கல். கல்லை எடுத்து, அடைப்பு நீங்கியதும் எண் தானாக இறங்கிற்று. என் அக்காவுக்கோ முதல் பரிசோதனையில் எண் சரியாகவே இருந்தது. அதை நம்பி, வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப் போட்டோம். வியாதி தெரிந்தவருக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவும் பரிசோதனை அது. ஒன்றுமில்லாதவர் கான்சர் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் பரிசோதனை இல்லை. காரணமில்லாமல் எடுக்காதீர்கள். காரணம் இருந்தால் அந்த ஒரு எண்ணோடு நிறுத்தாதீர்கள்.

'நாம்தான் சைவமாச்சே'

கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் கேட்டார்: "நாம்தான் சைவமாச்சே, நமக்கு என்ன?" இதிலும் சர்க்கரை இருக்கிறது. பெரும்பாலான மிருகங்களிடம் இருக்கும் ஒரு வகை ஸியாலிக் அமிலத்தை மனித இனம் லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே தயாரிக்காமல் விட்டுவிட்டது. 1998இல் இதைக் கண்டதும் டாக்டர் வர்க்கியின் குழுதான். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவற்றில் அது நிறைய இருக்கிறது. சாப்பிட்டால் நம் செல்லில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பு சக்தியை உரசி, அழற்சி உண்டாக்கலாம் என்பது அவர் கருத்து. 2015இல் எலிகளில் அதற்கு ஆதாரம் காட்டினார்கள். ஆனால் பாலிலும் அது சிறு அளவில் உண்டு. நாம் பால், தயிர், நெய் இல்லாமல் ஒரு வேளை சாப்பிடுகிறோமா? தவிர, புகையிலைக்கும் வெற்றிலைப் பெட்டிக்கும் சைவ அசைவம் தெரியாது. சைவச் சாப்பாடு நல்லதுதான். அதையே கவசமாக நினைத்து, மார்பில் கட்டி தட்டுப்பட்டும் ஆறு மாதம் வெளியே சொல்லாமல் இருந்த மாமிகளை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவாக

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், மின்சார விளக்கை விட்டால் வேறு வெளிச்சம் இல்லாத இடத்தில், பாறையைத் தட்டித் தட்டி எது தங்கம், எது வெறும் கல் என்று பிரித்த ஊர் இது. அந்தப் பழக்கத்தை நாம் விடக் கூடாது. வீட்டுக்கு வரும் காகிதமானாலும், இப்போது செல்போனில் வரும் செய்தியானாலும், தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான். உடம்பில் புதிதாக ஏதாவது தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையின் எண்ணை வைத்து நிம்மதியும் அடையாதீர்கள், நடுங்கவும் செய்யாதீர்கள். வீட்டில் நோயாளி இருந்தால் சாப்பாட்டு விஷயத்தில் அவரைக் கவனிக்கும் டாக்டரின் வார்த்தையைக் கேளுங்கள், உறவுக்காரர் கொண்டு வரும் காகிதத்தைக் கேட்காதீர்கள். கான்சர் செல்லின் சர்க்கரைப் போர்வை அந்தச் செல்லுக்குள்ளேயே நெய்வது. காபியில் சர்க்கரையை நிறுத்தினால் அது கிழியாது.

நாலாவதாக ஒன்று, என்னைப் போன்றவர்களுக்கு. நம் குடும்பங்களில் படித்தவர்களுக்குக் குறைவில்லை. டாக்டர், நர்ஸ், மருந்தாளர், வாத்தியார் என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம். தெரிந்ததைச் சொல்லாமல் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்கிறோம். மெதுவாக, கோபமில்லாமல், அத்திம்பேரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து நான் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நல்ல மனுஷர். கேட்டிருப்பார் என்பதுதான் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

இன்று இலையில் திரட்டுப்பால் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செயலாளரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். அக்காவை நினைத்துக்கொண்டு ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள். நீரிழிவு இருக்கிறவர்கள் அரை ஸ்பூன்.